50 மீட்டர் தாண்டிய பெல்லட்டில் என்ன மிச்சம் இருக்கிறது? ஒரு தென்னந்தோப்பு அளவீடு

"அம்பது மீட்டர்ல என்ன கண்ணு இருக்கப் போகுது, அது செத்த குண்டு" என்று சித்தப்பா சொன்னார். இந்த வேலை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கியது.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற வழியில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது ஏர்கன், அதாவது காற்றுத் துப்பாக்கி, எடுத்துக்கொண்டு அங்கே போய்க் குறி சுடுவோம். அதில் போடுகிற சின்னக் குண்டுதான் பெல்லட். காகிதத்தையும் இரும்பையும் மட்டும்தான் சுடுவோம், பறவை பக்கம் குழலைத் திருப்புகிற பழக்கம் எங்கள் இருவருக்கும் கிடையாது. குறிப்பலகை எதுவும் இல்லை. ஓட்டை விழுந்த பழைய இரும்பு தோசைக்கல் ஒன்றைக் கம்பியில் கட்டி 50 மீட்டரில் தொங்கவிட்டிருந்தோம். அதற்குப் பின்னால் ஓலைத் தட்டி. தட்டிக்கு 40 மீட்டர் பின்னால் ஒரு வண்டித்தடம். காய் போடுகிறவர்கள், ஆடு ஓட்டிப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் நடக்கிற தடம்.

தோசைக்கல்லில் படாத பெல்லட் எங்கே போகிறது என்று நான் கேட்டேன். தட்டியில் மாட்டிக்கொள்ளும், மாட்டாவிட்டாலும் அந்த தூரத்தில் அதற்கு சத்து இருக்காது என்றார். அவர் 30 வருஷமாக ஏர்கன் வைத்திருப்பவர், நான் ஆறு வருஷமாக. இருவரிடமும் இருந்தது நம்பிக்கை மட்டும்தான், எண் எதுவும் இல்லை. அதனால் அளந்துவிடுவது என்று முடிவு செய்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆனது. எங்கெங்கே தப்பு செய்தோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த அளவீட்டில் விடையைவிட, எந்த வழியில் தப்பான விடை வரும் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் பெரிய விஷயம்.

பெட்டியில் போட்டிருக்கிற எண்

துப்பாக்கி சாதாரண ஸ்பிரிங் ரகம், குழலை மடக்கி ஏற்றுவது, 0.177, அதாவது 4.5 மி.மீ. துளை. பெட்டியின் மேல் விநாடிக்கு 1000 அடி என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. மீட்டரில் சொன்னால் 305. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள், ஆனால் அது எந்த பெல்லட்டை வைத்து எடுத்த எண் என்று பெட்டியில் இருக்காது. இந்த மாதிரி எண்களை வழக்கமாக ஈயம் இல்லாத, அலாய் உலோகத்தில் செய்த ரொம்ப லேசான பெல்லட்டை வைத்து எடுப்பார்கள். அதன் எடை 0.34 கிராம் அளவில் இருக்கும். நாங்கள் சுடுவது ஜேஎஸ்பி எக்ஸாக்ட், 8.44 கிரெயின், அதாவது 0.547 கிராம் ஈயம். ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம்.

எடையையும் நம்பிவிடக் கூடாது என்று நகைக்கடை வைத்திருக்கிற நண்பரிடம் போய், 100 பெல்லட்டை ஒன்றாகத் தராசில் போட்டோம். 54.7 கிராம். ஒவ்வொன்றாக நிறுத்தால் தராசின் சின்ன ஆட்டமே முடிவைக் கெடுத்துவிடும், நூறாக நிறுத்து வகுத்தால் அந்தப் பிழையும் நூறால் வகுபடும். இந்த யோசனையைக் கடைசிவரைக்கும் வேறு வேறு வடிவில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினோம்.

ஆற்றல் கணக்கு எளிது. எடையைக் கிலோவில் எடுத்து, பாதியாக்கி, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஜூல் வந்துவிடும். வேகம் வர்க்கமாகப் போகிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்: வேகத்தில் 2 சதவீதம் பிழை இருந்தால் ஆற்றலில் 4 சதவீதம் பிழை.

குழல் முனை வேகத்தைக் கண்டுபிடிக்க ஒருவரிடம் குரோனோகிராஃப் இரவல் வாங்கினேன். இரண்டு ஒளி உணரிகள், மேலே வெள்ளைக் கூரை மாதிரி ஒரு தகடு, பெல்லட்டின் நிழல் முதல் உணரியைக் கடந்து இரண்டாவதைக் கடக்க எடுக்கும் நேரத்தை அது கணக்கிடும். குழல் முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பத்து குண்டு சுட்டோம். 237-லிருந்து 243 வரை வந்தது, சராசரி 240 மீ/வி. ஆற்றல் 15.75 ஜூல். இந்தியாவில் துளை 4.5 மி.மீ.க்கு மேலேயோ ஆற்றல் 20 ஜூலுக்கு மேலேயோ போனால்தான் உரிமம் வேண்டும், அந்த வரம்புக்குள் நன்றாகவே இருக்கிறது. பெட்டியில் சொன்ன 305 மீ/வி வேகத்தை 0.34 கிராம் பெல்லட்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டாலும் ஏறக்குறைய இதே 15.8 ஜூல்தான் வருகிறது. ஆகப் பெட்டி பொய் சொல்லவில்லை, வேறொரு பெல்லட்டைப் பற்றிச் சொல்கிறது.

சரி, இது குழல் முனை. எங்களுக்கு வேண்டியது 50 மீட்டர்.

25 மீட்டரில் வைத்த குரோனோ

முதல் யோசனை எல்லாருக்கும் தோன்றுவதுதான். அதே குரோனோவைத் தூக்கிக்கொண்டு போய் 25 மீட்டரில் வைத்துவிட்டு அதன் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சுடுவது. செய்யாதீர்கள். ஸ்கோப் குழலுக்குமேல் 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற கோடு வேறு, பெல்லட் போகிற பாதை வேறு, கம்பிகளுக்கு நடுவிலிருக்கிற இடமோ ஒரு கையகலம். நான்காவது குண்டு இடப்பக்கக் கம்பியை முறித்துக்கொண்டு போனது. இரவல் பொருள். புதுக் கம்பியும் தகடும் வாங்கிப் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். முன்னால் கனமான பலகையில் ஓட்டை போட்டு நிறுத்தி, அந்த ஓட்டை வழியாக மட்டும் சுட்டால் கருவி பிழைக்கும். ஆனால் 50 மீட்டரில் அந்த ஓட்டைக்குள் பத்துக்குப் பத்து போட எங்கள் ஸ்பிரிங் துப்பாக்கிக்கும் எங்கள் கைக்கும் முடியாது.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. குரோனோகூட வேகத்தை அளப்பதில்லை. நேரத்தைத்தான் அளக்கிறது, தூரம் தெரியும் என்பதால் வகுத்துச் சொல்கிறது. அப்படியென்றால் எங்களுக்கும் தேவை ஒரு கடிகாரமும் ஒரு டேப்பும்தான். சுடுகிற சத்தத்துக்கும் தோசைக்கல் 'ணங்' என்று ஒலிப்பதற்கும் இடைப்பட்ட நேரம் கிடைத்தால் போதும். கையிலிருக்கிற ஃபோன் விநாடிக்கு 44,100 தடவை ஒலியைப் பதிவு செய்கிறது. ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் 23 மைக்ரோ விநாடி. இதைவிட நல்ல கடிகாரம் நமக்கு வேண்டியதில்லை.

128 மீ/வி என்ற தப்பான எண்

அன்று மத்தியானமே ஃபோனைத் துப்பாக்கி பக்கத்தில் மேசைமேல் வைத்து 50 மீட்டரில் பத்து குண்டு சுட்டோம். பதிவைக் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தச் செயலியில் திறந்து பார்த்தால் இரண்டு கூர்முனைகள் பளிச்சென்று தெரிகின்றன. நடுவே சராசரியாக 0.391 விநாடி. 50-ஐ அதால் வகுத்தால் 128 மீ/வி.

சித்தப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். 240-இல் கிளம்பியது சராசரியாக 128-இல் பறந்திருக்கிறது என்றால், கடைசியில் அது ஊர்ந்துதானே போயிருக்கும். நானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

தப்பு எங்கே என்றால், பெல்லட் தோசைக்கல்லில் பட்ட அந்தக் கணத்தில் ஃபோனுக்கு அது தெரியாது. சத்தம் 50 மீட்டர் திரும்பி வந்து சேர வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் சுழியம் டிகிரியில் 331.3 மீ/வி, அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 கூடும். அன்றைக்கு 34 டிகிரி, ஆக 352 மீ/வி. 50 மீட்டருக்கு 0.142 விநாடி. இதைக் கழித்தால் மிச்சம் 0.249 விநாடி, சராசரி வேகம் 201 மீ/வி. ஒரே கழித்தலில் 128 என்பது 201 ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறதே என்று 340-ஐப் போட்டு விட்டாலும் தப்புதான், நம் ஊர் வெயிலில் 2 சதவீதம் பிழை வந்துவிடும், ஆற்றலில் அது நாலு சதவீதம்.

201 என்பதும் சரியான எண் இல்லை என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது. பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால் சுடுகிற சத்தம் ஒற்றை முனையாக இல்லை. முதலில் சின்னதாக ஒரு 'டிக்', அது விசையின் கொக்கி விடுபடுவது. பிறகு பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்துகிற இரைச்சல். அப்புறம்தான் பெல்லட் குழலை விட்டு வெளியே வருகிற 'பட்'. ஸ்பிரிங் துப்பாக்கியில் இந்த முதல் டிக்குக்கும் கடைசி பட்டுக்கும் நடுவே பத்து மில்லி விநாடியை ஒட்டி ஓடிவிடுகிறது. நான் குறித்து வைத்தது முதல் டிக்கை. பெல்லட் அப்போது கிளம்பவே இல்லை!

இதை எப்படிக் கழிப்பது? பிஸ்டன் இரைச்சலுக்குள் எது பெல்லட் வெளியேறிய கணம் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம், ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். நானும் சித்தப்பா மகனும் ஒரே பதிவில் குறித்த இடங்களே மூன்று மில்லி விநாடி தள்ளி இருந்தன.

வித்தியாசத்தை எடுத்தால் பிழை தானாகப் போகும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், இதற்குமேல் எல்லாமே இதில்தான் நிற்கிறது.

50 மீட்டரில் ஒரு நேரம் கிடைக்கிறது, அதில் பறந்த நேரமும் இருக்கிறது, அந்தப் பத்து மில்லி விநாடி அழுக்கும் இருக்கிறது. தோசைக்கல்லை 40 மீட்டருக்கு நகர்த்தினால் இன்னொரு நேரம் கிடைக்கும், அதிலும் அதே அழுக்கு இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அழுக்கு அடிபட்டுப் போய், கடைசிப் பத்து மீட்டரைப் பெல்லட் கடந்த நேரம் மட்டும் சுத்தமாக நிற்கும். அதால் பத்தை வகுத்தால் 40-க்கும் 50-க்கும் நடுவே, அதாவது 45 மீட்டரில், அதன் வேகம். டிக்கைக் குறித்தாலும் சரி, பட்டைக் குறித்தாலும் சரி, எல்லாப் பதிவிலும் ஒரே இடத்தைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பதிவுகளில் தெளிவாகத் தெரிந்த டிக்கையே எல்லாவற்றிலும் குறித்தோம்.

ஒலி திரும்பி வருகிற பிரச்சினைக்கும் இதே மாதிரி ஒரு வழி இருக்கிறது. ஃபோனைச் சுடுகிற இடத்தில் வைக்காமல் சரியாக நடுவில் வையுங்கள். சுட்ட சத்தம் பாதி தூரம் வந்து சேர வேண்டும், பட்ட சத்தமும் பாதி தூரம் வந்து சேர வேண்டும். இரண்டும் ஒரே அளவு தாமதம், கழிக்கும்போது இரண்டும் ஒழிந்துவிடும். வெப்பநிலையும் வேண்டாம், ஒலி வேகமும் வேண்டாம். காற்று அடித்தால் மட்டும் கொஞ்சம் மாறும். விநாடிக்கு 2 மீட்டர் காற்று சுடுகிற திசையில் அடித்தாலும் 50 மீட்டர் அளவீட்டில் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான பிழைதான், அதுகூட வேண்டாம் என்று விடிகாலையில் இலை அசையாத நேரமாகப் பார்த்துச் சுட்டோம். ஒரு சிக்கல், நடுவில் வைத்த ஃபோனுக்கு மெல்லிய டிக் கேட்காது. அதனால் துப்பாக்கி மேசையின்மேல் விசைக் கொக்கி இருக்கிற பக்கமாகச் சின்னத் தகரத்தை ஒட்டவைத்து அதிர்வைப் பெரிதாக்கிப் பார்த்தோம், அது சரியாக வரவில்லை. கடைசியில் ஃபோனை மேசையிலேயே வைத்து, 10 மீட்டருக்கான ஒலி நேரத்தை மட்டும் வெப்பநிலை பார்த்துக் கழித்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். 26 டிகிரியில் ஒலி வேகம் 347 மீ/வி, பத்து மீட்டருக்கு 28.8 மில்லி விநாடி. வெப்பமானியில் ஒரு டிகிரி தப்பாக இருந்தாலும் இதில் மாறுவது ரொம்பச் சொற்பம். 'பட்' தெளிவாகத் தெரிகிற துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நடுவில் வைப்பதுதான் நல்லது. ஃபோனைக் கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் தள்ளி, முன்னால் இரண்டு செங்கல் அடுக்கி வையுங்கள்.

ஃபோனைப் பற்றி இன்னொன்று. சாதாரணக் குரல் பதிவுச் செயலி இரைச்சலைக் குறைக்கிறேன் என்று உள்ளே ஏதாவது செய்யும், முதல் சத்தம் பெரிதாக வந்ததும் மைக்கின் அளவைத் தானே இறக்கிவிடும், இரண்டாவது சத்தம் மழுங்கிப் போகும். எங்களுக்கு 50 மீட்டரில் நான்கு பதிவுகள் இப்படி வீணாயின. எதையும் திருத்தாமல் வேவ் கோப்பாகச் சேமிக்கிற செயலியாகத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்திவிடுங்கள். மயிலை நிறுத்த முடியாது, அது அகவுகிற பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி சுடுங்கள்.

தோசைக்கல்லை நகர்த்த யாராவது முன்னால் போகும்போதெல்லாம் குழலை மடக்கித் திறந்த நிலையில் மேசைமேல் வைத்துவிட்டு, சுடுகிறவர் எழுந்து நிற்பார். கண்ணாடி போடாமல் யாரும் நிற்கவில்லை. தோசைக்கல்லையும் மேல்விளிம்பு எங்கள் பக்கம் சாய்ந்து கவிந்தபடி கட்டினோம், ஈயம் சிதறினால் தரையைப் பார்த்துப் போகும். வண்டித்தடத்தில் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தியிருந்தோம்.

மூன்றாம் ஞாயிறு, காலை ஆறரை மணி

10, 20, 30, 40, 50 மீட்டர், ஒவ்வொன்றிலும் பத்து குண்டு. தூரம் துப்பாக்கியின் முனையிலிருந்து தோசைக்கல் வரை, டேப் போட்டு அளந்தது. ஒலி நேரத்தைக் கழித்த பிறகு வந்த சராசரிகள், மில்லி விநாடியில்: 10 மீட்டருக்கு 52.3, 20-க்கு 97.3, 30-க்கு 145.4, 40-க்கு 195.7, 50-க்கு 249.2.

ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் எடுத்துக்கொண்ட நேரம் 45.0, 48.1, 50.3, 53.5. பார்த்தீர்களா, கூடிக்கொண்டே போகிறது, பெல்லட் தளர்ந்துகொண்டே போவது கண்ணெதிரே தெரிகிறது. வேகமாக மாற்றினால் 15 மீட்டரில் 222 மீ/வி, 25-இல் 208, 35-இல் 199, 45-இல் 187. ஆற்றல் முறையே 13.5, 11.8, 10.8, 9.6 ஜூல்.

240-இல் கிளம்பியதோடு சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் வேகத்தில் ஏறக்குறைய ஐந்தரை சதவீதம் போகிறது. ஆற்றலில் பத்தரை சதவீதத்தை ஒட்டி. கழித்தல் கணக்காக இல்லாமல் வட்டிக் கணக்கு மாதிரி, இருப்பதில் இவ்வளவு சதவீதம் என்று போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்பதிலிருந்து இது நேராக வருவது, ஒலி வேகத்துக்கு நன்றாகக் கீழே பறக்கிற இந்த ரக பெல்லட்டுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஏர்கன்காரர்கள் பேசுகிற பிசி எண்ணாக, அதாவது பெல்லட் காற்றுத் தடையை எவ்வளவு நன்றாகத் தாங்குகிறது என்று காட்டுகிற எண்ணாகச் சொன்னால் 0.024.

அந்த அழுக்கு எவ்வளவு என்பதையும் இப்போது திருப்பிக் கண்டுபிடிக்கலாம். 240-இல் கிளம்பிய பெல்லட்டுக்கு 10 மீட்டர் கடக்க 43 மில்லி விநாடி போதும், எங்கள் பதிவு 52 சொல்கிறது. மிச்சம் 9.5. முதல் டிக்குக்கும் பெல்லட் வெளியேறுவதற்கும் உள்ள இடைவெளி அதுதான். 50 மீட்டர் நேரத்திலிருந்து அதைக் கழித்தால் 239.7, சராசரி வேகம் 209 மீ/வி. 128, 201, 209. ஒரே துப்பாக்கி, ஒரே தோசைக்கல், கணக்குப் போட்ட விதம் மட்டும் வேறு.

இந்த 209-ஐ நேரடியாக 25 மீட்டரில் கிடைத்த 208-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். 50 மீட்டருக்கான சராசரி வேகம் என்பது ஏறக்குறைய பாதி தூரத்தில் உள்ள வேகம். அதை எடுத்துக்கொண்டு 'என் துப்பாக்கி 50 மீட்டரில் 209' என்று சொன்னால் அது தப்பு. உண்மையில் 50 மீட்டரில் இருப்பது 182 மீ/வி, ஆற்றல் 9 ஜூல்.

பிழை எவ்வளவு இருக்கலாம்? பத்து குண்டின் சராசரியில் அரை மில்லி விநாடிக்குச் சற்று மேல், இரண்டு சராசரிகளைக் கழிக்கும்போது ஒரு மில்லி விநாடியை ஒட்டி, அது வேகத்தில் 2 சதவீதம். டேப்பில் 5 சென்டிமீட்டர் தவறினால் அரை சதவீதம். ஆற்றலில் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நேர்மையாக இருக்கும். 9 ஜூல் என்பது 8.6-ஆக இருக்கலாம், 9.4-ஆக இருக்கலாம். 5-ஆக இருக்க வாய்ப்பே இல்லை.

டின்னும் களிமண்ணும்

ஒரே முறையில் வந்த எண்ணை எனக்கு முழுதாக நம்ப மனம் வராது, சம்பந்தமே இல்லாத இன்னொரு வழியிலும் அதே விடை வந்தால்தான் தூக்கம் வரும். அதனால் 50 மீட்டரில் ஒரு ஊசலைக் கட்டினோம்.

இந்த யோசனையை முதலில் புத்தகமாக எழுதியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், 1742-இல். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அதற்கு முன்னால் யாரும் நம்பும்படி அளந்ததில்லை. தொங்குகிற கனமான கட்டையில் குண்டைச் செலுத்தி, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிட்டார். அந்தப் புத்தகத்தைக் கணித மேதை ஆய்லர் 1745-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய இங்கே வந்து, 1751-இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். இந்த அளவீட்டின் மூதாதை நம் மண்ணில்தான் கண்ணை மூடினார் என்பது எனக்குத் தெரிந்தபோது அந்த டின்னைக் கட்டுகிற கை கொஞ்சம் மரியாதையோடு கட்டியது.

பால்பவுடர் டின் ஒன்றில் ஈரக் களிமண்ணை இறுக அடைத்து, 600 கிராமுக்குக் கொண்டுவந்து, முன்வாயை அட்டையால் மூடி, இரண்டு மீட்டர் நீளத்துக்கு நான்கு நைலான் கயிற்றில் தொங்கவிட்டோம். நான்கு கயிறு எதற்கென்றால் டின் சுழலாமல் முன்பின்னாக மட்டும் ஆட வேண்டும். பின்னால் ஓர் ஈர்க்குச்சியை ஒட்டி, அது ஆடும்போது ஸ்கேலின்மேல் மடித்துப் போட்ட காகிதத் துண்டைத் தள்ளிக்கொண்டு போகும்படி செய்தோம். காகிதம் எங்கே நிற்கிறதோ அதுதான் ஆட்டத்தின் எல்லை.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழுவார்கள். டின் எவ்வளவு உயரம் எழும்பியது என்று பார்த்து, அதற்குச் செலவான ஆற்றல்தான் பெல்லட்டின் ஆற்றல் என்று கணக்குப் போடுவது. அப்படிப் போட்டால் எங்கள் டின்னுக்கு 0.008 ஜூல் வரும், கொசு மோதினால் வருகிற மாதிரி! காரணம், பெல்லட் களிமண்ணில் புதையும்போது ஆற்றலில் ஆயிரத்தில் 999 பங்கு மண்ணைக் குடைவதிலும் சூடாவதிலும் போய்விடுகிறது. போகாமல் அப்படியே நிற்பது உந்தம் மட்டும்தான். ஆட்டத்திலிருந்து டின்னின் வேகம், டின்னின் வேகத்திலிருந்து உந்தம், உந்தத்தைப் பெல்லட்டின் எடையால் வகுத்தால் பெல்லட்டின் வேகம், கடைசியாகத்தான் ஆற்றல். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

பதினான்கு குண்டு சுட்டதில் ஆறுதான் டின்னின் நடுவில் பட்டன, விளிம்பில் பட்டதையெல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் டின் அரை கிராம் கனம் கூடுகிறது, அதையும் குறித்துக்கொண்டோம். சராசரி ஆட்டம் 7.3 சென்டிமீட்டர். அதிலிருந்து டின்னின் வேகம் 0.161 மீ/வி, பெல்லட்டின் வேகம் 177 மீ/வி, ஆற்றல் 8.6 ஜூல். ஃபோன் சொன்னது 182. காகிதத்தைத் தள்ளுகிற உராய்வு ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும், ஆக இது சற்றுக் குறைவாகத்தான் வர வேண்டும், வந்திருக்கிறது. ஒலிக்கும் உந்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இருந்தும் இரண்டும் மூன்று சதவீதத்துக்குள் கைகோர்த்துக்கொண்டன. அன்றைக்கு எனக்கு இருந்த நிறைவை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

தடத்தோரத் தென்னை

9 ஜூல் என்றால் என்ன? ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிள், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுகிறாரே அந்தப் போட்டித் துப்பாக்கி, குழல் முனையிலேயே ஏறக்குறைய ஏழரை ஜூல்தான் கொடுக்கிறது. எங்கள் பெல்லட் 50 மீட்டர் பறந்து தளர்ந்த பிறகும் அதைவிட அதிகமாக வைத்திருக்கிறது. அந்தப் போட்டித் துப்பாக்கியின் முன்னால் ஒரு கை தள்ளி யாராவது நிற்பார்களா?

வண்டித்தடம் 90 மீட்டரில். அங்கே நாங்கள் சுட்டு அளக்கவில்லை, அளக்கவும் கூடாது. அதே சதவீதக் கணக்கை நீட்டினால் 145 மீ/வி, 5.7 ஜூல். கணக்கில் பத்து சதவீதம் பிசகியிருந்தாலும் 130 மீ/வி. தடயவியல் மருத்துவர் வின்சென்ட் டிமாயோ குழுவினர் 1982-இல் வெளியிட்ட சோதனையில், 8.25 கிரெயின் எடையுள்ள 0.177 ஈயப் பெல்லட் மனிதத் தோலைத் துளைக்க ஏறக்குறைய 101 மீ/வி போதும் என்று வந்தது. கண்ணுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. எங்கள் பெல்லட் 101-க்கு இறங்க, இதே கணக்குப்படி, 150 மீட்டருக்கு மேல் போக வேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மேசைமேல் குழல் 1.1 மீட்டர் உயரத்தில், தோசைக்கல்லின் நடு 1.2 மீட்டரில். வழியில் விழுவதை ஈடுகட்டக் குழல் சற்று மேல்நோக்கித்தான் இருக்கும். குறி தவறிப் பக்கவாட்டில் போகிற பெல்லட் தடத்தை அடைய அரை விநாடி ஆகும், அதற்குள் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் விழுந்துவிடும், ஆகத் தடத்தைக் கடக்கும்போது தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் இருக்கும். பெரியவர்களுக்குத் தொடை. கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சின்னப் பிள்ளைக்கு அது நெஞ்சு, முகம்.

நோட்டைக் காட்டினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து தட்டியைத் தாண்டித் தடம் வரைக்கும் நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். தடத்தோரம் வரிசையாக நிற்கிற தென்னைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். நான்காவது மரத்தில், முழங்காலுக்கு மேலே, பட்டைக்குள் சாம்பல் நிறமாக ஏதோ மினுங்கியது. பேனாக்கத்தியால் கெல்லி எடுத்தார். தலை தட்டையாகிப்போன பெல்லட். அதே மரத்தில் இன்னொன்று, அடுத்த மரத்தில் இரண்டு.

"எத்தனை வருஷமா கண்ணு இந்தப் பக்கம் பார்த்துச் சுட்டுட்டு இருக்கோம்" என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானமே தட்டியைப் பிரித்துவிட்டோம். தோப்பின் வடக்கு மூலையில் பழைய கிணறு தோண்டியபோது கொட்டிய மண்மேடு இருக்கிறது, இரண்டாள் உயரம், அதற்குப் பின்னால் எங்கள் நிலம்தான். தோசைக்கல் இப்போது அந்த மேட்டின் அடிவயிற்றில் தொங்குகிறது, மேசையைத் தெற்கே நகர்த்திவிட்டோம், தூரம் 42 மீட்டர்தான் கிடைத்தது. நான்கு பெல்லட்டையும் சித்தப்பா ஒரு பழைய விபூதி டப்பாவில் போட்டு, துப்பாக்கி உறையின் பக்கப் பையில் வைத்திருக்கிறார்.